மெனு அசைந்தால் முகவரியும் அசையட்டும்

கல்லூரி இணையதளத்துக்குப் பொறுப்பாளராக உங்களை நியமித்து முதல்வர் சர்க்குலர் அனுப்பிவிட்டார் என்றால், வாழ்த்துகள். கணினி அறிவியல் துறையில் வயதில் இளையவர் நீங்கள்தான் என்பது இதிலிருந்தே தெரிகிறது. பாடம் நடத்துவது, விடைத்தாள் திருத்துவது, அட்மிஷனுக்காக ஊர் ஊராகப் போவது எல்லாம் போக மிச்சமிருக்கும் நேரத்தில் தளத்தைப் பார்த்துக்கொள்ளலாம். பக்கங்களுக்கு முகவரி வைக்கும் வேலையை மட்டும் உங்கள் தலையில் ஏற்றிக்கொள்ளாமல் மெனுவிடமே விட்டுவிடுவது எப்படி என்று இங்கே சொல்கிறேன். ஒருமுறை அமைத்தால் போதும். அதற்குப் பிறகு எந்தப் பக்கத்தின் முகவரி எப்போது மாறியது, ஏன் மாறியது என்று உங்களுக்கே தெரியாது. தெரியாததற்கு யாரும் மெமோ கொடுக்க முடியாது.

தளம் த்ரூபலில் கட்டியது என்று வைத்துக்கொள்கிறேன். பெல்ஜியத்தைச் சேர்ந்த ட்ரீஸ் பாய்டார்ட் 2001-இல் வெளியிட்ட மென்பொருள் அது. இலவசம் என்பதால் நிர்வாகத்துக்கும் பிடிக்கும். புதிதாக ஒரு பக்கம் சேர்த்தால் த்ரூபல் அதற்கு ‘நோட்/217’ என்பதுபோல ஒரு முகவரி கொடுக்கும். 217 என்பது தரவுத்தளத்தில் அந்தப் பக்கத்தின் வரிசை எண். தலைப்பை மாற்றினாலும், பக்கத்தை மெனுவில் எங்கே தூக்கி வைத்தாலும், துறையையே மூடினாலும் 217 அப்படியே நிற்கும். அதுதான் அதன் குறை. தாளாளரிடம் காட்டிப் பாருங்கள். “என்னப்பா இது நம்பரு? படிக்க நல்லாவா இருக்கு?” என்பார். நியாயமான கேள்வி. படிக்க நன்றாகத்தான் இல்லை.

அதற்குத்தான் பாத்ஆட்டோ, டோக்கன் என்ற இரண்டு மாட்யூல்கள் இருக்கின்றன. நிறுவியதும் பேட்டர்ன் என்று ஒரு பெட்டி வரும். ‘இந்தப் பக்கத்துக்கு மெனுவில் மேலே உள்ள பெற்றோர் எல்லாரையும் சாய்கோடு போட்டுக் கோத்து, கடைசியில் பக்கத்தின் தலைப்பைச் சேர்’ என்று பொருள்படும் டோக்கனை அதில் ஒட்டுங்கள். ஒரே வரி. சேமித்தவுடன் 217 திரைக்குப் பின்னால் போய்விடும். ‘/எங்களைப்-பற்றி/நிர்வாகம்/தாளாளர்/தாளாளர்-செய்தி’ என்று பட்டமும் பதவியுமாக ஒரு முகவரி பிறக்கும். தாளாளர் முகவரியில் இரண்டு முறை வருகிறார். இதைவிட நல்ல தொடக்கம் கிடையாது.

உண்மையைச் சொன்னால் இந்த ஏற்பாட்டில் அழகு இருக்கிறது. முகவரியைப் பார்த்தே பக்கம் எங்கே இருக்கிறது என்று புரியும். கடைசித் துண்டை அழித்தால் ஒரு படி மேலே போகலாம். மெனு அசையாத தளத்தில் இது அருமையான முறை. அப்படி மெனு அசையாத கல்லூரித் தளம் ஒன்றை நீங்கள் பார்த்திருந்தால் இந்தக் கட்டுரை உங்களுக்கு இல்லை.

மெனு என்பது தகவலைத் தேடுபவருக்காக ஒழுங்குபடுத்தியது என்று பாடப்புத்தகம் சொல்லும். நடைமுறையில் யார் மேலே, யார் கீழே என்பதுதான் மெனு. சிவில் துறைக்கு முன்னால் ஏஐ துறை எப்படி வந்தது என்று கேட்டு ஒரு துறைத்தலைவர் ஒரு வாரம் பேசாமல் இருப்பார். ப்ளஸ் டூ ரிசல்ட் வரும் மே மாதத்தில் ‘ப்ளேஸ்மென்ட்’ முதல் வரிசைக்கு ஏறும். சேர்க்கை முடிந்ததும் ‘மாணவர் நலன்’ என்பதன் கீழே இறங்கும். கல்லூரிகளுக்குத் தரச்சான்று தரும் நாக் குழு வரப்போகிறது என்றால் ‘ஆராய்ச்சி’ என்று இதுவரை இல்லாத ஒரு பிரிவு திடீரென்று உச்சியில் முளைக்கும். அதை நிரப்ப நாலு துறைகளிலிருந்து பக்கங்களைப் பிடுங்கி நடுவார்கள். தாளாளரின் மகன் வெளிநாட்டில் எம்பிஏ முடித்து வந்தால் ‘எங்களைப் பற்றி’ என்பது ‘எங்கள் பயணம்’ ஆகும். ஒவ்வொரு கூட்டத்தின் முடிவிலும் யாராவது சொல்வார்கள்: “தம்பி, இதை மட்டும் கொஞ்சம் மேலே கொண்டுவந்துருங்க.” “சரிங்க சார்.” மவுஸால் பிடித்து இழுத்து வைக்க ஐந்து விநாடி ஆகும்.

அந்த ஐந்து விநாடியில் முகவரிக்கு என்ன ஆகிறது என்பதை அடுத்த அமைப்பு தீர்மானிக்கும். பக்கம் மாறும்போது என்ன செய்ய வேண்டும் என்று பாத்ஆட்டோ மூன்று வழிகளைத் தரும். ஒன்றும் செய்யாதே, பழைய முகவரி இருக்கட்டும். புதிய முகவரி போடு, பழையதும் வேலை செய்யட்டும். புதிய முகவரி போடு, பழையதை அழி. மூன்றாவதைத் தேர்ந்தெடுங்கள். முதல் வழியில் முகவரி ஒருமுறை பிறந்தால் மாறவே மாறாது. மெனு ஒரு பக்கம், முகவரி ஒரு பக்கம் என்று இருக்கும். வெளியிலிருந்து வருபவர் எல்லாரும் சரியான பக்கத்துக்கே போய்ச் சேர்வார்கள். அப்புறம் தானியங்கி என்று எதைச் சொல்வது?

இதில் ஒரு நுட்பம் உண்டு, கவனமாகப் படியுங்கள். மெனுவில் தாயை இடம் மாற்றினால் குழந்தைகளின் முகவரியும் உடனே மாறிவிடும் என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். பாத்ஆட்டோ ஒரு பக்கத்தைத் திறந்து மறுபடி சேமிக்கும்போதுதான் அதற்குப் புது முகவரி போடும். இல்லையென்றால் மொத்தமாகப் புதுப்பிக்கும் பொத்தானை நீங்கள் அழுத்த வேண்டும். அழுத்தாதீர்கள். ‘ஆராய்ச்சி’ என்பதை ‘ஆராய்ச்சியும் புத்தாக்கமும்’ என்று மாற்றினால் அடுத்த மாதம் யாரோ ஒருவர் எழுத்துப்பிழை திருத்திய பக்கம் மட்டும் புது முகவரிக்குக் குடிபோகும். அதன் உடன்பிறப்புகள் பழைய பெயரிலேயே இருக்கும். இரண்டு ஆண்டு போனால் ஒரே பிரிவின் பக்கங்கள் நாலு தலைமுறை மெனுக்களின் பெயரைத் தாங்கி நிற்கும். எந்தத் தாளாளர் காலத்தில் எந்தப் பக்கம் கடைசியாகத் திருத்தப்பட்டது என்பதை முகவரியைப் பார்த்தே சொல்லிவிடலாம். கல்லூரி வரலாறு எழுதுபவர்களுக்கு உதவும்.

வேர்ட்பிரஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தச் சுகம் கிடையாது. அங்கே முகவரிக்கு அடிப்படை மெனு அல்ல, பக்கத்துக்கு நீங்கள் குறிக்கும் ‘தாய்ப் பக்கம்’. ஆனால் தாயின் முகவரிப் பெயரை மாற்றினால் குழந்தை, பேரக்குழந்தை எல்லாரும் அந்தக் கணமே இடம் மாறிவிடுவார்கள். பதிவு ஒன்றின் முகவரியை மாற்றினால் பழைய முகவரியை வேர்ட்பிரஸ் நினைவில் வைத்துத் திருப்பிவிடும். படிநிலையில் உள்ள பக்கங்களுக்கு அந்த நினைவு கிடையாது. அப்போது அது முகவரியின் கடைசித் துண்டை வைத்துக்கொண்டு ஊகித்துப் பார்க்கும். ஊகம் சில நேரம் சரியாக இருக்கும். சில நேரம், அதே எழுத்துகளில் தொடங்கும் வேறு பக்கத்தில் கொண்டுபோய் விடும். எல்லாத் துறைக்கும் ‘ஃபேக்கல்ட்டி’ என்று ஒரு பக்கம் இருக்கும் கல்லூரியில் இது பார்க்க வேண்டிய காட்சி.

ஜூம்லாவைப் பற்றிச் சுருக்கமாக: அங்கே முகவரி பிறப்பதே மெனுவில்தான். ஒரே கட்டுரையை இரண்டு மெனுவில் தொங்கவிட்டால் அதற்கு இரண்டு முகவரி.

அதனால் இரட்டைத் தாய்ப் பிரச்சினைக்கு வருவோம். உங்கள் பயோமெடிக்கல் ஆய்வகம் துறையின் கீழ் வருமா, ஆராய்ச்சியின் கீழ் வருமா? இரண்டிலும்தான். சீர்காழிக்காரர் ஒருவர் இதைப் பற்றித் தீவிரமாக யோசித்தார். 1924-இல் சென்னைப் பல்கலைக்கழக நூலகராகச் சேர்ந்த எஸ்.ஆர். ரங்கநாதன், ஒரு புத்தகத்தை ஒரே கிளையில் அடக்கித்தான் எண் கொடுக்க வேண்டும் என்ற முறையில் திருப்தி இல்லாமல், பொருளைப் பல முகங்களாகப் பிரித்து அவற்றைக் குறிகளால் இணைக்கும் கோலன் பகுப்பு முறையை 1933-இல் வெளியிட்டார். நூலகவியல் மாணவர்கள் உலகம் முழுக்க இன்றும் அதைப் படிக்கிறார்கள். நீங்கள் படிக்க வேண்டாம். பக்கத்தை இரண்டு இடத்திலும் மெனுவில் மாட்டுங்கள். த்ரூபலின் டோக்கன் இரண்டில் ஏதோ ஒரு தாயைத் தேர்ந்தெடுத்துக்கொள்ளும். எந்தத் தாய் என்று பந்தயம் கட்டலாம். ஜூம்லாவில் இரண்டு முகவரியும் உயிரோடு இருக்கும். இரண்டில் எது அசல் என்று தேடுபொறி குழம்பும். 2009-இல் கூகுள், யாஹூ, மைக்ரோசாஃப்ட் மூன்றும் சேர்ந்து ‘கனானிக்கல்’ என்ற குறியை ஏற்றுக்கொண்டதே இந்த மாதிரிக் குழப்பத்துக்குத்தான்: பல முகவரியில் ஒரே பக்கம் இருந்தால், அசல் இதுதான் என்று பக்கத்தின் உள்ளேயே எழுதி வைப்பது. அதையும் மெனுவைப் பார்த்துத் தானாகவே நிரப்பச் சொல்லிவிடுங்கள். மெனு மாறும்போது அசலும் மாறும்.

ஆழம் எவ்வளவு வேண்டும் என்று கேட்பீர்கள். ஐந்து படி குறைந்தபட்சம். பாத்ஆட்டோவில் முகவரியின் நீளத்துக்கு வழக்கமாக 100 எழுத்து எல்லை இருக்கும். ‘அகடமிக்ஸ் / ஸ்கூல் ஆஃப் இன்ஜினியரிங் அண்ட் டெக்னாலஜி / டிபார்ட்மென்ட் ஆஃப் எலெக்ட்ரிக்கல் அண்ட் எலெக்ட்ரானிக்ஸ் இன்ஜினியரிங்’ என்று பெற்றோர் வரிசையே எல்லையைத் தின்றுவிட்டால் கடைசியில் இருக்கும் தலைப்பு வெட்டுப்படும். வெட்டுப்பட்ட பிறகு எல்லாப் பக்கமும் ஒரே முகவரிக்குப் போட்டி போடும். பாத்ஆட்டோ சளைக்காது, முதலில் வந்தவருக்கு முகவரியைக் கொடுத்து, அடுத்து வந்தவருக்கு வாலில் ‘-0’, அதற்கடுத்தவருக்கு ‘-1’ என்று ஒட்டிக்கொண்டே போகும். எண் அசிங்கமாக இருக்கிறது என்று தொடங்கிய வேலை, அதே எண்ணோடு 100 எழுத்து நீளத்துக்கு வந்து நிற்கும்.

தமிழில் முகவரி வைக்க ஆசைப்படும் தமிழ்த்துறைக்கு ஒரு தனி ஆறுதல். தமிழ் எழுத்து முகவரியில் போகும்போது ஒவ்வொரு குறியீடும் சதவீதக் குறியோடு 9 எழுத்தாக விரியும். ‘தமிழ்நாடு’ என்பதில் கால், புள்ளி முதலான துணைக்குறிகள் எல்லாம் சேர்த்து 9 குறியீடு. ஆக 81 எழுத்து. வேர்ட்பிரஸில் ஒரு துண்டுக்கு இடம் 200 எழுத்துதான். அதாவது 22 குறியீட்டுக்கு மேல் தமிழ் தாங்காது. எங்கே வெட்டும் என்று கேட்காதீர்கள். மெய்யெழுத்துக்கும் அதன் புள்ளிக்கும் நடுவில்கூட வெட்டும். சரி, ஆங்கில எழுத்துக்கு மாற்றிவிடலாம் என்று ஒலிபெயர்ப்பு மாட்யூலைப் போட்டால் வேறு வேடிக்கை. யூனிகோட் தரத்தில் ழகரத்துக்குக் கொடுத்த பெயரில் மூன்று ‘எல்’ இருக்கிறது. அதைப் பின்பற்றும் பட்டியல்களில் உங்கள் துறையின் பெயர் ‘ட்மில்ல்ல்’ என்று வாசிக்கும்படி வரும். தமிழ்த்துறைத் தலைவரிடம் இதைச் சொல்லும் பொறுப்பை முதல்வரிடம் விட்டுவிடுவது உத்தமம்.

இவ்வளவு செய்தும் வெளியுலகம் சும்மா இருந்தால் ஒரு கஷ்டமும் இல்லை. வெளியுலகம் முகவரியைக் குறித்து வைத்துக்கொள்கிறது, அதுதான் சிக்கல். கல்லூரியின் தரத்தைக் கவனிக்கும் ஐக்யூஏசி பிரிவின் ஒருங்கிணைப்பாளர் மேடம் ஆண்டுதோறும் நாக்குக்கு அனுப்பும் அறிக்கையில் ஒவ்வொரு அளவுகோலுக்கும் கீழே கல்லூரித் தளத்தின் லிங்க்கை ஒட்டுகிறார். அறிக்கை அனுப்பியது ஒரு மெனுவின் காலத்தில். அதைத் திறந்து பார்ப்பது இன்னொரு மெனுவின் காலத்தில். ப்ராஸ்பெக்டஸில் அச்சிட்ட க்யூஆர் கோடு ஐயாயிரம் வீட்டுக்குப் போயிருக்கிறது. முன்னாள் மாணவர் ஒருவர் ட்ரான்ஸ்கிரிப்ட் பெறும் பக்கத்தைக் கனடாவில் இருந்துகொண்டு புக்மார்க் செய்திருக்கிறார். இவர்கள் யாரும் உங்கள் மெனு கமிட்டியில் உறுப்பினர் இல்லை. கருத்துக் கேட்க வேண்டிய அவசியமும் இல்லை.

குற்ற உணர்ச்சி வந்தால் பெரிய இடங்களை நினைத்துக்கொள்ளுங்கள். அமெரிக்க உச்சநீதிமன்றத் தீர்ப்புகளில் மேற்கோள் காட்டிய இணைய முகவரிகளில் பாதி, குறிப்பிட்ட தகவலுக்கு இனி இட்டுச்செல்லவில்லை என்று ஹார்வர்ட் சட்டப் பள்ளியைச் சேர்ந்தவர்கள் பத்தாண்டுக்கு முன்பே கணக்கெடுத்தார்கள். 2013-இல் இருந்த இணையப் பக்கங்களில் 38 சதவீதம் பத்து ஆண்டில் எட்டாமல் போய்விட்டது என்று பியூ ஆய்வு மையம் 2024-இல் சொன்னது. நீதிபதிகளின் அடிக்குறிப்பே அந்தரத்தில் தொங்கும்போது உங்கள் பஸ் ரூட் பக்கம் எம்மாத்திரம்?

யாராவது ஒரு மாணவர், விவரம் தெரிந்தவர், “சார், 301 ரீடைரக்ட் போடலாமே” என்பார். பழைய முகவரிக்கு வருபவரைப் புதிய முகவரிக்கு நிரந்தரமாகத் திருப்பிவிடும் ஏற்பாடு அது. சென்னையில் கதவு எண்களை மாற்றியபின் மக்கள் ‘புதிய எண் 14, பழைய எண் 7’ என்று இரண்டையும் எழுதிக்கொண்டதே, அதுதான். கொரியர்காரர் வீட்டைக் கண்டுபிடித்துவிடுகிறார். ஆனால் உங்கள் கல்லூரி மெனு ஆண்டுக்கு மூன்று முறை மாறுகிறது. பழைய எண், அதற்கும் பழைய எண், அதற்கும் முந்தைய எண் என்று சங்கிலி நீளும். கூகுளின் தேடுநிரல் பத்துத் தாவல் வரைதான் பொறுமையாகப் பின்தொடரும். நடுவில் ‘ப்ளேஸ்மென்ட்’ மே மாதம் மேலே போய் ஜூலையில் கீழே வந்து அடுத்த மே மாதம் மறுபடி மேலே போகும்போது, மேலிருந்து கீழே, கீழிருந்து மேலே என்று இரண்டு ரீடைரக்ட்டும் கையால் போட்டிருந்தால், உலாவி இரண்டுக்கும் இடையில் ஓடி ஓடிக் களைத்து, திருப்பல்கள் அளவுக்கு மிஞ்சிவிட்டன என்று கைவிரித்துவிடும். பக்கம் இருக்கிறது, சர்வர் இருக்கிறது, கரண்ட் இருக்கிறது, ஆனாலும் திறக்காது. இந்த நிலையை அடைந்த தளப் பொறுப்பாளர்களை நான் மதிக்கிறேன்.

படிக்கக்கூடாதவை இரண்டு. உலகளாவிய வலையைக் கண்டுபிடித்த டிம் பெர்னர்ஸ்-லீ 1998-இல் ஒரு கட்டுரை எழுதினார். முகவரியில் எதையெல்லாம் வைக்கக்கூடாது என்று அதில் ஒரு பட்டியல்: எழுதியவர் பெயர், பொருள்வகை, பக்கத்தின் நிலை, கோப்பின் பின்னொட்டு, எந்த மென்பொருளில் ஓடுகிறது என்ற அடையாளம். பொருள்வகையைப் பற்றி அவர் சொல்வதுதான் நம் திட்டத்துக்கு நேரடி ஆபத்து: இன்று நீங்கள் உலகத்தைப் பிரிக்கும் விதத்தில் நாளையும் பிரிப்பீர்கள் என்று எழுதிக் கொடுக்கிறீர்களா என்று கேட்கிறார். இரண்டாவது, பிரிட்டிஷ் அரசாங்கத்தின் தளம். 2012-இல் பழைய அரசுத் தளங்களை ஒன்றாக்கியபோது பழைய முகவரிகளை உட்கார்ந்து பட்டியல் போட்டுப் புதியவற்றோடு பொருத்தினார்கள். புதிய முகவரிகளோ தட்டையானவை: வங்கி விடுமுறைப் பக்கம் தளத்தின் பெயருக்குப் பின் ‘/பேங்க்-ஹாலிடேஸ்’ என்று ஒரே துண்டு. எந்த அமைச்சகம், எந்தப் பிரிவு, எந்த மெனு என்று முகவரியில் ஒன்றும் கிடையாது. அமைச்சகங்களைக் கலைத்துச் சேர்த்தாலும் விடுமுறைப் பக்கம் அசையாது. பக்கம் எங்கே இருக்கிறது என்பதைப் பக்கத்தின் தலையில் ‘முகப்பு › துறைகள் › சிவில்’ என்று ஒரு வழிக்கோடாகக் காட்டிவிடலாம், அது மெனுவோடு எவ்வளவு வேண்டுமானாலும் ஆடலாம், முகவரியைத் தொட வேண்டியதே இல்லை என்று இவர்களைப் பார்த்து யாருக்காவது தோன்றக்கூடும். ஆகவே அந்தப் பக்கம் போகாதீர்கள்.

ஒரு எச்சரிக்கை. திரைக்குப் பின்னால் போன ‘நோட்/217’ சாகவில்லை. எத்தனை மெனு மாறினாலும் அதைத் தட்டினால் த்ரூபல் அந்தப் பக்கத்தைத் திறந்து காட்டும். ரீடைரக்ட் மாட்யூல் இருந்தால் இன்றைய அழகான முகவரிக்கே கொண்டுபோய் விடும். இதை ஐக்யூஏசி மேடம் தெரிந்துகொண்டால் அறிக்கையில் எல்லா லிங்க்கையும் எண்களாகவே போட்டுவிடுவார். அவை வேலையும் செய்யும். ஸ்டாக் ஓவர்ஃப்ளோ தளம் கேள்விகளுக்கு இதைத்தான் வெளிப்படையாகச் செய்கிறது: முகவரியில் எண்ணும் இருக்கும், தலைப்பும் இருக்கும், தலைப்பைத் தப்பாக அடித்தாலும் எண்ணைப் பார்த்துச் சரியான இடத்துக்கு அனுப்பிவிடும். அழகும் வேண்டும், உறுதியும் வேண்டும் என்பவர்களின் பேராசை அது.

இனி கடைசிக் கட்டம். மூன்றாண்டுக்கு ஒருமுறை நிர்வாகம் தளத்தையே புதிதாகச் செய்யச் சொல்லி வேறு நிறுவனத்திடம் கொடுக்கும். பழைய முகவரி, ரீடைரக்ட் பட்டியல் எல்லாம் பழைய தரவுத்தளத்தில் இருக்கும். வந்தவர்கள் அதைக் கேட்க மாட்டார்கள். போகிறவர்கள் பாக்கிப் பணம் வராமல் தர மாட்டார்கள். நீங்கள் நடுவில் புகாதீர்கள். புதிய தளம் புதிய மென்பொருளில், புதிய மெனுவோடு, அந்த மெனுவிலிருந்தே தானாகப் பிறந்த முகவரிகளோடு, தாளாளர் ரிமோட் பொத்தானை அழுத்தத் திறக்கும். மறுவாரம் பில் வரும். அதில் ‘எஸ்இஓ ஃப்ரெண்ட்லி யூஆர்எல்’ என்று தனியாக ஒரு வரி இருக்கும். தொகையைக் குறைக்கச் சொல்லிப் பேசிப் பார்க்கலாம். 18 சதவீத ஜிஎஸ்டியில் மட்டும் பேரம் நடக்காது.